நிறுத்திப் பார்க்காத வண்டி

அநியாயம் நடந்தது தவமலருக்கு. செய்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் இதைச் சொல்வது சுலபம்.

தவமலர் ஏற்காட்டு மலையில் ஓர் அறக்கட்டளையின் நர்ஸ். மருந்துப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர்களுக்கெல்லாம் போய்வருவாள். கடைசி ஊர் கொடலங்காடு. போக வரப் பதினெட்டு கிலோமீட்டர். அங்கே ஒரு பெண் சர்க்கரை நோயில் கால் புண்ணாகிப் படுத்திருந்தாள். மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும். நடந்து போனால் வாரத்துக்கு ஒருமுறைதான் முடியும். அதற்குமேல் போனால் மற்ற ஊர்களை யார் பார்ப்பது?

அதனால் அறக்கட்டளை ஐந்து நர்ஸ்களுக்கு ஐந்து மின்சார மலை சைக்கிள்கள் வாங்கிக் கொடுத்தது. மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து தள்ளும். எடை பதினேழு கிலோதான். சைக்கிள் ஏறாத பாறைப் படிகளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். நல்ல வண்டி. அதில் சந்தேகமே இல்லை.

வாங்கப் போன கமிட்டியில் நான்கு ஆண்கள். ஓட்டப்போகிற ஐந்து பேரும் பெண்கள். சேலத்துக் கடையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுகள் இருந்தன. மூன்றுக்கும் ஒரே விலை.

"ஒரே விலைக்குப் பெரிசு கிடைக்கும்போது யாராவது சின்னதை வாங்குவாங்களா?" என்றார் கமிட்டியில் ஒருவர்.

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். வளருகிற பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற நியாயம் அது. தவமலருக்கு முப்பத்து நான்கு வயது. வளர்வதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

மூன்று வாரத்தில் நான்கு முறை விழுந்தாள். விசாரணை நடந்தது. அறிக்கை வந்தது. "வண்டியில் குறை இல்லை. ஓட்டுபவருக்குத் திறமை போதாது. மாத இறுதியில் வண்டியை மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்கவும்."

'வண்டியில் குறை இல்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர் பரஞ்சோதி. ஒரே விலைக்குப் பெரியது என்று சொன்னவரும் அவரேதான்.

பரஞ்சோதிக்கு ஐம்பத்தாறு வயது. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தவர். வேலையை முன்னதாகவே விட்டுவிட்டு மலைக்கு வந்து, மலை சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொள்ள ஒரு குருவைப் பிடித்திருந்தார். குருவின் பெயர் ஜெசிந்தா. வயது இருபத்தெட்டு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

மலையிலேயே சைக்கிள் தெரிந்தவள் ஜெசிந்தாதான். அவளைக் கமிட்டியில் சேர்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளிடம் ஆறு மாதமாகப் படிக்கிற ஆணைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மாத இறுதிக்குப் பத்து நாள் இருந்தபோது தவமலர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜெசிந்தாவின் ஒர்க் ஷாப்புக்கு வந்தாள். பிரேக் பிடி வளைந்திருந்தது.

"நிமிர்த்திக் கொடுத்துடுங்க. திருப்பிக் கொடுக்கும்போது அதுக்கும் ஒரு அறிக்கை எழுதிடப் போறாங்க."

பரஞ்சோதி வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். செயினை விரலால் அழுத்திப் பார்த்தார். "வண்டி அருமையா இருக்கு சிஸ்டர்," என்றார்.

"ஆமா சார். அதுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் முழங்கையில தையல்."

அவள் போன பிறகு பரஞ்சோதி கேட்டார்: "டீச்சர், நான் முழுசா செக் பண்ணிட்டேன். வண்டியில குறையே இல்ல. பாதையும் அவ்வளவு மோசம் இல்ல. அப்புறம் ஏன் விழறாங்க?"

ஜெசிந்தா வளைந்த பிடியை வைஸ் இடுக்கியில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அவங்க பின்னாடி நடந்து போயிட்டு வாங்க அண்ணா."

"பதினெட்டு கிலோமீட்டரா?"

"போக ஒன்பது. வர ஒன்பது. அப்படிப் பாத்தா கம்மிதான்."

மறுநாள் சாயங்காலம் பரஞ்சோதி திரும்பி வந்தார். கால் வீங்கியிருந்தது, முகம் மலர்ந்திருந்தது. நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"ஏழு கொண்டை ஊசி வளைவு. நாலு இடத்துல சரளைக் கல். மூணு ஓடை. கொடலங்காட்டுக்குக் கீழ நாப்பத்திரண்டு படி, அங்க மட்டும் வண்டியத் தூக்கிட்டுப் போறாங்க. ரொம்பச் செங்குத்தான இடம் பள்ளிக்கூடத்துக்கு மேல. எல்லாம் அளந்துட்டேன்."

"எத்தன தடவ நின்னாங்க?"

"யாரு?"

"சிஸ்டர்."

பரஞ்சோதி நோட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். "நிக்கிறதை எதுக்கு எண்ணணும் டீச்சர்? நான் ஓட்டுறதைப் பாக்கத்தானே போனேன்?"

"மறுபடி போங்க," என்றாள் ஜெசிந்தா.

இரண்டாவது முறை தவமலர் அவரைப் பார்த்ததும் சிரித்தாள். "என்ன சார், திறமை இருக்கான்னு மறுபடி செக் பண்ண வந்துட்டீங்களா?"

"நான் எண்ண மட்டும்தான் வந்தேன் சிஸ்டர்."

எண்ணினார். கிளம்பி ஐம்பதடி போவதற்குள் ஒரு வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது.

"சிஸ்டர்! மாமாவுக்கு மாத்திரை தீந்துடுச்சு!"

நின்றாள். கொடுத்தாள். ஏறினாள். அடுத்த வளைவில் ஒரு கிழவர் கைத்தடியை நீட்டி வழிமறித்தார்.

"சிஸ்டர், மாடு சரியா தின்ன மாட்டேங்குது."

"மாட்டுக்கு நான் இல்ல தாத்தா. மாட்டு டாக்டருக்குப் போன் பண்ணுங்க."

"அவரு வர மாட்டாரு. நீதான் தெனம் வர்றே."

நின்றதற்கு மாட்டின் வாயையும் பார்த்துவிட்டுப் போனாள். அதற்கு அப்புறம் ஒரு மிளகுத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். மருமகள் தன் போனை எடுப்பதில்லை, சிஸ்டர் போனிலிருந்து அடித்தால் எடுப்பாள் என்றாள். அடித்தார்கள். எடுத்தாள். பத்து நிமிஷம்.

பரஞ்சோதி கோடு போட்டுக்கொண்டே நடந்தார். முப்பத்தெட்டாவது கோட்டில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. தவமலர் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி நின்றது. சீட்டைவிட்டு முன்னால் இறங்கி, இடது காலைத் தரையில் ஊன்றப் பார்த்தாள். அந்தப் பக்கம் பாதை சரிவு. குறுக்குக் கம்பி இடுப்பில் முட்டியது. காலுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

அவசரமே இல்லாமல் சாய்ந்தாள். முதலில் அவள், அவள்மேல் வண்டி, அதற்கும் மேலே ஒரு ஆட்டுக்குட்டி எட்டிப் பார்த்தது.

பரஞ்சோதி ஓடிப்போய்த் தூக்கினார். தவமலர் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"இதுதான் சார் என் திறமைக் குறைவு. அஞ்சாவது தடவை. எழுதிக்கோங்க."

"மத்த நாலு தடவையும்...?"

"அதுவும் இப்படித்தான். நிக்கும்போதுதான். ஓடுற வண்டியிலிருந்து நான் விழுந்ததே இல்ல."

"ஆனா ரிப்போர்ட்ல 'வேகமாக ஓட்டியதால்'னு இருக்கே!"

"எங்க விழுந்தேன்னு கேட்டாங்க. எத்தன மணிக்குன்னு கேட்டாங்க. வண்டிக்கு என்ன ஆச்சுன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. என்ன ஆச்சுன்னு கேக்கலையே."

அன்று சாயங்காலம் அவர் ஒர்க் ஷாப்புக்குள் நுழையும்போதே சொன்னார்: "நாப்பத்தொண்ணு டீச்சர். நாப்பத்தொரு தடவ நிக்கிறாங்க."

ஜெசிந்தா அந்தப் பெரிய வண்டியை வெளியே தள்ளி வந்தாள். பிரேக்கைச் சரிபார்ப்பதற்காகத் தவமலர் அதை விட்டுப் போயிருந்தாள். ஒர்க் ஷாப்புக்கு முன்னால் காப்பிக்கொட்டை காயப்போடும் சிமென்ட் களம் இருந்தது. தண்ணீர் வடிவதற்காக ஒரு பக்கம் சரிவாகக் கட்டியது. பெண்கள் நான்கைந்து பேர் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏறுங்க அண்ணா. சுத்தி வாங்க. நான் 'சிஸ்டர்'னு கூப்பிடும்போதெல்லாம் நிக்கணும்."

பரஞ்சோதியும் உயரமானவர் அல்ல. ஆனாலும் வீறாப்பாக ஏறினார். ஒரு சுற்று அழகாக வந்தார்.

"சிஸ்டர்!"

நின்றார். நுனிக்காலில் தத்தளித்தார். சமாளித்தார்.

"சிஸ்டர்!" இது கொட்டை கிளறுகிற பெண்களில் ஒருத்தி. அவளுக்கு விளையாட்டு புரிந்துவிட்டது.

நின்றார். கைகளை விரித்து, ஒரு காலில் மூன்று குதி குதித்து, எப்படியோ தப்பித்தார்.

சரிவான ஓரத்தில் அவர் திரும்பும்போது ஐந்து பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். பரஞ்சோதி காப்பிக்கொட்டைக்குள் தோள்வரை புதைந்தார்.

"அய்யோ, சிஸ்டர் விழுந்துட்டாரு!"

"முதலாளி பாத்தா கொட்டைய மறுபடி எடை போடச் சொல்லுவாரு, எழுந்திரிங்க சிஸ்டர்!"

எழுந்தார். காதுக்குள்ளிருந்து ஒரு கொட்டை விழுந்தது.

"கடையில ஓட்டிப் பாத்தீங்களா அண்ணா?" என்றாள் ஜெசிந்தா.

"பாத்தோமே. நாலு பேரும் ஓட்டிப் பாத்தோம்."

"நிறுத்திப் பாத்தீங்களா?"

பரஞ்சோதி யோசித்தார். "நிக்கிறப்போ கடைக்காரர் வந்து ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டாரு."

ஜெசிந்தா வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

அவர் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தரப் பரிசோதகர் ஆயிற்றே. ஒரு பொருளில் பிழை தெரிந்துவிட்டால் சரிசெய்ய முடியாமல் போகாது என்று முப்பது வருஷம் நம்பியவர்.

மூன்று நாள் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினார். சீட்டை அடிவரை இறக்கினார். மிதிக்கும்போது முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. ஹேண்டில்பாரைத் தாங்குகிற கட்டையைக் குட்டையாக மாற்றினார். கைக்கு எட்டியது, ஆனால் குறுக்குக் கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. குலுக்கலைத் தாங்குகிற ஷாக்கில் காற்றைப் பிடுங்கினார். டயரிலும் பிடுங்கினார். வண்டி இரண்டு விரல் இறங்கியது. சந்தோஷத்தில் ஓட்டிப் பார்த்தார். பெடல் கல்லில் இடித்தது.

ஜெசிந்தா டீ குடித்துக்கொண்டே பார்த்தாள்.

மூன்றாம் நாள் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "டீச்சர், இது வராது."

"சட்டை தோள்ல பெரிசா இருக்கு. நீங்க மூணு நாளா பட்டனை மாத்தி மாத்தித் தைக்கிறீங்க."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா என்கிட்ட வாதாடியிருப்பீங்க. வண்டிகிட்ட வாதாட முடியல இல்ல?"

அது உண்மைதான். பரஞ்சோதி டீயை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஜெசிந்தா, சுவரோரம் துணி போர்த்தி நிறுத்தியிருந்த அவருடைய சொந்த வண்டியைக் காட்டிக் கேட்டாள். அதே கம்பெனி, அதே மோட்டார், சின்ன அளவு.

"அதை வாங்க எவ்வளவு நாள் ஆச்சு அண்ணா?"

"நாலு மாசம்."

"எத்தன கடை?"

"ஆறு. பெங்களூர்ல ரெண்டு." அவர் குரலில் பெருமை வந்தது. "சும்மாவா டீச்சர்? காலை அளந்து, கையை அளந்து, சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல எவ்வளவுன்னு பாத்து, அரை சென்டிமீட்டர் தப்பா இருந்தாகூட முதுகு பிடிச்சுக்கும். எனக்குக் கால் வேற குட்டை."

"அந்த அஞ்சு வண்டிய வாங்க?"

பரஞ்சோதி டம்ளருக்குள் பார்த்தார்.

"நாப்பது நிமிஷம்," என்றார். பிறகு, பொய் சொல்லத் தெரியாத மனுஷர் ஆகையால், "அதுல கால்மணி நேரம் பஜ்ஜி," என்றும் சொன்னார்.

டம்ளரைக் காலி செய்துவிட்டு அவர் எழுந்து போய், தன் வண்டிமேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார்.

அளவு பொருந்தாவிட்டால் மாத இறுதிக்குள் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் ரசீதின் பின்பக்கம் எழுதியிருந்தார். மாற்றித் தரக் கேட்கும் கடிதத்தில் அறக்கட்டளைச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் செயலாளர் ஆராவமுதன் வண்டியில் குறையே இல்லை என்று நம்புகிறவர். இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

"நேர்ல பாத்தா மனசு மாறுவாரா டீச்சர்?"

"பாக்கத் தெரிஞ்சா மாறுவாரு. முதல்ல சிஸ்டரை வரச்சொல்லுங்க."

தவமலர் மறுநாள் வந்தாள். தன் வண்டியை அவளுக்குப் பொருத்துவதற்காகப் பரஞ்சோதி அவளைச் சுவரோரம் நிறுத்தினார். சைக்கிளுக்குக் காலை அளக்க ஒரு கெட்டியான புத்தகம் வேண்டும். அதைத் தொடைகளுக்கு நடுவே மேல்வரை இறுக்கிப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் விளிம்பு வரைக்கும் அளக்க வேண்டும். அங்கே இருந்தது அவளுடைய நோயாளிப் பதிவேடுதான்.

"மலை முழுக்க இதுக்குள்ள இருக்கு, பாத்துப் பிடிக்கணும்," என்று அவளே பிடித்துக்கொண்டாள். அறுபத்தொன்பது சென்டிமீட்டர். பரஞ்சோதிக்கு எழுபது.

"பெட்டிய மாட்டிக்கிட்டு எடை மெஷின்ல ஏறுங்க."

"பெட்டியோடயா? காலையில அஞ்சு இட்லி சாப்பிட்டேன் சார்."

"இட்லியும் வண்டியிலதானே வரப்போகுது சிஸ்டர்."

ஐம்பத்தைந்து கிலோ. பரஞ்சோதியின் எழுபத்தெட்டுக்கு ஏற்றிவைத்த ஷாக் அது. அவள் உட்கார்ந்தால் அசையவே இல்லை. காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஒவ்வொரு முறையும் அவள் ஏறி உட்கார்ந்து இறங்கினாள். ஷாக்கின் தண்டில் இருக்கிற ரப்பர் வளையம் எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறது என்று குனிந்து பார்த்தார். கால்வாசி அமுங்கியதும் நிறுத்தினார். டயரில் காற்றைக் குறைத்தார். சீட்டை அவள் காலுக்கு வைத்தார். நிற்கும்போது ஒரு விசையைத் தட்டினால் சீட் தானே கீழே போகும் என்று காட்டினார். தவமலர் அதைப் பத்து முறை தட்டிப் பார்த்தாள்.

மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு நொடி தள்ளுகிற பழக்கம் அந்த வண்டிகளுக்கு உண்டு. ஜெசிந்தா போனில் இருந்த வண்டிக் கம்பெனியின் செயலியில் அதைக் குறைத்து வைத்தாள்.

"எப்படி இருக்கு சிஸ்டர்?" என்றார் பரஞ்சோதி.

"நல்லாருக்கு சார்."

பரஞ்சோதி கையைத் துடைக்கப் போனார்.

"மறுபடி கேளுங்க," என்றாள் ஜெசிந்தா.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு சார்."

"அதான் சொல்லிட்டாங்களே டீச்சர்."

"சிஸ்டர், முதல்ல பெரிய வண்டிய உங்க கையில கொடுக்கும்போது செயலாளர் உங்ககிட்ட என்ன கேட்டாரு?"

தவமலர் வெட்கத்தோடு சிரித்தாள். "நல்லாருக்கான்னு கேட்டாரு."

"நீங்க?"

"நல்லாருக்குன்னேன்."

"கால் எட்டலன்னு தெரியலையா?" என்று பரஞ்சோதி பதறினார்.

"ஏறின உடனே தெரிஞ்சுது சார். ஆனா சால்வை போட்டுட்டிருந்தாங்க. போட்டோ எடுத்துட்டிருந்தாங்க. எதிர்ல ஸ்வீட்டு தட்டு வேற. அந்த நேரத்துல போயி, சார் கால் எட்டலன்னு சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க, முடியுமா?"

பரஞ்சோதி துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவள் வண்டிமேல் இருந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"சிஸ்டர், எது நல்லா இல்ல?"

தவமலர் இரண்டு பிரேக்கையும் பிடித்து விட்டாள்.

"வலது பிரேக் பிடி கொஞ்சம் தூரம். என் விரல் நுனிதான் படுது." ஒருகணம் தயங்கினாள். பிறகு மடை திறந்தாற்போல வந்தது. "சீட்டு முன்பக்கம் தூக்கலா இருக்கு. கைப்பிடி ரொம்ப அகலம், ரெண்டு காப்பிச் செடிக்கு நடுவுல போனா இடிக்கும். மோட்டார் முதல் மிதியில குபீர்னு இழுக்குது, ஓடைக்குள்ள இறங்கும்போது பயமா இருக்கும். அப்புறம் இந்தப் பெல்லு. கோயில் மணி மாதிரி இருக்கு. ஆடு நகராது."

பரஞ்சோதி நோட்டை எடுத்தார். இந்த முறை புது பக்கத்தில் எழுதினார். எல்லாவற்றையும் முடிக்க இருட்டிவிடும்போல இருந்தது. ஆனாலும் முடித்தார்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் ஆராவமுதன் ஜீப்பில் வந்து இறங்கினார். ஆறடி உயரம். நல்ல மனசு. எல்லோரையும் தோளில் தட்டிப் பேசுகிறவர்.

"எல்லாரும் மெனக்கெட்டிருக்கீங்க, சந்தோஷம். ஆனா மலைப் பாதை வேற, சிமென்ட் தரை வேற. நான் பாதையிலதான் பாப்பேன்."

"பாதையிலதான் சார்," என்றாள் ஜெசிந்தா.

பள்ளிக்கூடத்துக்கு மேலே, ரொம்பச் செங்குத்தான வளைவில் அவரை நிற்கவைத்தார்கள்.

"உங்களுக்குத் தோணும்போதெல்லாம் நிறுத்தச் சொல்லுங்க சார்," என்றாள் ஜெசிந்தா.

"நிறுத்தவா? ஓட்டத்தானே பாக்கணும்?"

பரஞ்சோதி இருமினார்.

தவமலர் கீழேயிருந்து வந்தாள். பெட்டி முதுகில். "நில்லுங்க!" என்றார் ஆராவமுதன். நின்றாள். சீட் கீழே போனது, சரிவுப் பக்கத்தில் பாதம் முழுதாகப் பதிந்தது. "ம், போங்க." போனாள். "நில்லுங்க!" நின்றாள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. கல்மேல் நிறுத்தினார். வேர்மேல் நிறுத்தினார். வளைவின் நடுவில், ஒரு கால் வைக்க மட்டும் இடம் இருக்கிற இடத்தில் நிறுத்தினார். பதினோரு முறை.

பன்னிரண்டாவது முறை அவர் சொல்லாமலே நின்றாள். மேலே ஒரு வீட்டிலிருந்து குரல் வந்திருந்தது. "சார், ஒரு நிமிஷம்," என்று வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து, அந்தம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். செயலாளர் வெயிலில் காத்திருந்தார். அது ஒரு நிமிஷமாக இருக்கவில்லை.

"இது எந்த வண்டி?" என்று கேட்டார் ஆராவமுதன்.

"அதே வண்டி சார், சின்ன அளவு. என்னோடது," என்றார் பரஞ்சோதி. "அஞ்சு நர்ஸுல ரெண்டு பேர் உயரம், அவங்களுக்குப் பெரிசு சரியா இருக்கு. மூணு வண்டிய மாத்தணும். கடிதம் எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

ஆராவமுதன் ஜீப்பின் பானட்மேல் கடிதத்தை வைத்துப் படித்தார். 'அளவைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது நான். விழுந்தவர்மேல் தவறில்லை. முன்பு போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று கடைசியில் இருந்தது.

"சேச்சே, நீங்க ஏன் சார் பழியை ஏத்துக்கறீங்க? உங்க பெரிய மனசு யாருக்கு வரும்!" என்று பரஞ்சோதியின் தோளில் தட்டினார். பரஞ்சோதி வாயைத் திறந்தார். ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

செயலாளர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். மூன்று சின்ன வண்டிகள் வரும்வரை பரஞ்சோதியின் வண்டி தவமலரிடமே இருக்கட்டும் என்றும் அவரே சொன்னார். அன்றைக்குக் கட்டு மாற்றுகிற நாள். தவமலர் பெட்டியை மாட்டிக்கொண்டு ஏற்கெனவே கொடலங்காட்டுப் பக்கம் திரும்பியிருந்தாள்.

ஆராவமுதன் அவள் போவதைத் திருப்தியோடு பார்த்தார். பிறகு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"பிரமாதம்மா. சரியான பயிற்சி கொடுத்தா பெண்களாலயும் முடியும்னு காட்டிட்டீங்க. மத்த நாலு பேருக்கும் ஏற்பாடு பண்ணிடலாம். இவங்களுக்கு எத்தன நாள் பயிற்சி கொடுத்தீங்க?"

"சிஸ்டருக்கு ஒரு நாளும் கொடுக்கல சார். அண்ணாவுக்குத்தான் ஒன்பது நாள் ஆச்சு," என்றாள் ஜெசிந்தா. "நீங்க எப்ப வர்றீங்க?"